பற்று நோட்டும் பன்னிரண்டு மாதங்களும்

பிறந்த மண்ணை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நமக்கு இரண்டு வகைச் செலவுகள் உண்டு. ஒன்று, இருக்கும் ஊரில் வாழ்வதற்கான செலவு. மற்றொன்று, பிறந்த ஊரை மறவாதிருப்பதற்கான செலவு. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், ரயில் பாஸ் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம், கோடை விடுமுறைப் பயணம், உற்றார் வீட்டுக் கல்யாணம், குலதெய்வக் கோயில் கொடை ஆகியவை இரண்டாம் வகை. ஊரோடு இருப்பவர்களுக்குத் திடீரென்று பணமுடை ஏற்பட்டால் அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ பத்து நாளைக்குக் கைமாற்றுக் கிடைக்கும். நமக்கு அடுத்த வீட்டுக்காரர் எத்துணை அன்புடையவராயினும், அவரும் நம்மைப் போலவே முதல் தேதியை எதிர்நோக்கி இருப்பவர்தாம். ஆகவே, நம் குடும்பங்களில் பணம் இருக்கிறதா என்ற கேள்வியைவிட, வேண்டிய நாளில் பணம் கையில் இருக்கிறதா என்ற கேள்வியே பெரிது.

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, நம் வீடுகளில் பல்லாண்டுகளாகப் பழகிவந்த ஒரு பொருளை முதலில் நினைவுகூர்வோம். அதுதான் மளிகைக் கடைப் பற்று நோட்டு. மும்பையில் அதனை ‘உதார்’ என்பார்கள். மாதம் முழுவதும் வேண்டிய பண்டங்களை வாங்கிக்கொண்டு, சம்பளம் வந்ததும் கணக்கைத் தீர்ப்பது வழக்கம். ‘இப்போது வாங்கு, பிறகு கொடு’ என்று இன்று கைப்பேசியில் வருகின்ற ஏற்பாடு புதுமையானதன்று. அந்தப் பற்று நோட்டின் பேரப்பிள்ளைதான் அது.

ஆயினும் பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய நோட்டு ஒன்றே ஒன்று. அது வீட்டு அலமாரியில் இருந்தது. இல்லத்தரசி அதைத் தினமும் பார்த்தார். கடைக்காரரும் நம் வரும்படியை அறிந்தவர். கணக்கு ஏறினால், “இந்த மாதம் சற்று நிதானமாகப் போகலாமே” என்று அவரே சொல்லிவிடுவார். இன்றைய நோட்டுகளோ பல. அரிசி பருப்பு வாங்கும் செயலியில் ஒன்று, துணி வாங்கும் செயலியில் ஒன்று, பயணச் சீட்டுக்கு ஒன்று, கடன் அட்டை ஒன்று, பெரிய பொருளுக்கு மாதத் தவணை ஒன்று. கணவரின் கைப்பேசியில் இருப்பது மனைவிக்குத் தெரிவதில்லை. மகனின் கைப்பேசியில் இருப்பது இருவருக்குமே தெரிவதில்லை. ஒவ்வொன்றும் சிறு தொகை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் கண் மட்டும் வீட்டில் இல்லை. கடன் எளிதாகக் கிடைப்பதைக் காட்டிலும், அது கண்ணுக்குத் தெரியாமல் கிடைப்பதே நம் காலத்தின் இடர் என்று சொல்லலாம்.

மாதக் கணக்கு வேறு, ஆண்டுக் கணக்கு வேறு

மாதச் சம்பளக்காரர்களாகிய நாம் எதையும் மாதக் கணக்கில் எண்ணிப் பழகியவர்கள். ஆனால் செலவுகள் மாதக் கணக்கில் வருவதில்லை. இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

நால்வர் கொண்ட ஒரு குடும்பம். கைக்கு வரும் சம்பளம் மாதம் ரூ. 60,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகை, உணவு, மின்சாரம், போக்குவரத்து, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் சேர்ந்து ரூ. 48,000 ஆகிறது. மீதி ரூ. 12,000. “மாதம் பன்னிரண்டாயிரம் மிஞ்சுகிறதே, நாலாயிரம் ரூபாய்த் தவணையில் ஒரு பொருள் வாங்கினால் என்ன?” என்று தோன்றுவது இயல்பு. இனி, அதே குடும்பத்தின் ஆண்டுச் செலவுகளைப் பாருங்கள்.

மார்ச் மாதத்தில் ஊருக்குப் போகப் பயணச் சீட்டுகள் ரூ. 12,000. (2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளாகக் குறைக்கப்பட்டதால், மே மாதப் பயணத்துக்கு மார்ச்சில் பணம் வேண்டியிருக்கிறது.) மே மாதத்தில் ஊரில் ஆகும் செலவு ரூ. 18,000. ஜூனில் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை ரூ. 40,000. ஆகஸ்டில் மருத்துவக் காப்பீட்டு பிரிமியம் ரூ. 20,000. நவம்பரில் தீபாவளி ரூ. 24,000. ஜனவரியில் ஆயுள் காப்பீட்டு பிரிமியம் ரூ. 12,000. மொத்தம் ரூ. 1,26,000.

மாதம் ரூ. 12,000 வீதம் ஆண்டுக்கு மிஞ்சுவது ரூ. 1,44,000. அதிலே ரூ. 1,26,000 போனால் உண்மையான மீதி ரூ. 18,000, அதாவது மாதத்துக்கு ரூ. 1,500 மட்டுமே. நாலாயிரம் ரூபாய்த் தவணை ஆண்டுக்கு ரூ. 48,000 ஆகும். ஆண்டு முடிவில் துண்டு விழுவது ரூ. 30,000. இந்தக் குடும்பம் ஊதாரித்தனம் ஏதும் செய்யவில்லை. மாதத்தைப் பார்த்து முடிவு செய்தது. ஆண்டு அதற்கு வேறு விடை சொன்னது.

ஆகவே நாம் வற்புறுத்த விரும்பும் விதி ஒன்றே: எந்தத் தவணையையும் செழிப்பான மாதத்தை வைத்து அளக்கலாகாது, ஆண்டின் மிக மெலிந்த மாதத்தை வைத்தே அளக்க வேண்டும்.

ஜூன் மாதத்துப் பள்ளம்

மேலே சொன்ன குடும்பத்துக்கு மிக மெலிந்த மாதம் ஜூன். கையில் மிஞ்சுவது ரூ. 12,000, வேண்டியது ரூ. 40,000. முன்பே சேர்த்து வைக்காவிட்டால் ரூ. 28,000 குறைகிறது. அந்நேரத்தில், “பள்ளிக் கட்டணத்தை நாங்கள் கட்டிவிடுகிறோம், நீங்கள் நாலு தவணையில் தாருங்கள்” என்று ஒரு செயலி அழைக்கிறது. பிள்ளையின் படிப்பாயிற்றே என்று நாமும் இசைந்துவிடுகிறோம். வட்டியே இல்லை என்றாலும் தவணை ரூ. 7,000. ஜூலையில் மிஞ்சுவது ரூ. 5,000 ஆகிவிடுகிறது. ஆகஸ்டிலும் அவ்வாறே. ஆனால் ஆகஸ்டில் மருத்துவ பிரிமியம் ரூ. 20,000 கட்ட வேண்டும். சேர்ந்திருப்பதோ ரூ. 10,000.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. தவணை கட்டத் தவறினால் அன்றே தொலைபேசி ஒலிக்கிறது, அபராதம் விழுகிறது. பிரிமியம் கட்டத் தவறினாலோ யாரும் வீட்டுக்கு வந்து கேட்பதில்லை; இரண்டு மூன்று குறுஞ்செய்திகளோடு சரி. சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கொடுத்துவிட்டுச் சத்தம் போடாதவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மனித இயல்பு. ஆனால் இரண்டின் விளைவையும் தூக்கிப் பார்த்தால், சத்தமில்லாத நிலுவைதான் பன்மடங்கு கனமானது.

ஆண்டுக்கு ஒருமுறை பிரிமியம் கட்டும் மருத்துவ பாலிசிகளுக்கு, கெடுநாளுக்குப் பின் 30 நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டிவிட்டால், முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த காத்திருப்புக் காலம் காப்பாற்றப்படும். ஆனால் அந்த இடைநாட்களில் நேரும் மருத்துவச் செலவு கிடைக்காது. சலுகை நாட்களும் கடந்துவிட்டால் பாலிசி காலாவதியாகிவிடும். பிறகு எடுப்பது புது பாலிசி. நாலு ஆண்டு கட்டி வந்ததன் பயன் அழிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடையில் குடும்பத் தலைவருக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ வந்திருந்தால், அவை இனி ‘முன்பே இருந்த நோய்’ என்ற கணக்கில் போய்விடும். ரூ. 7,000 தவணையைக் காத்து, நாலு ஆண்டுப் பாதுகாப்பை இழப்பது நல்ல வியாபாரமாகுமா?

இதற்கு மருந்து மிக எளியது. ஆண்டுச் செலவு ரூ. 1,26,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ரூ. 10,500. பள்ளிச் செலவு முடிந்த மறுமாதமாகிய ஜூலையில் தொடங்கி, சம்பளம் வந்த நாளிலேயே இத்தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்போம். ஆகஸ்டில் ரூ. 21,000 சேரும், பிரிமியம் ரூ. 20,000 போகும். நவம்பரில் ரூ. 32,500 இருக்கும், தீபாவளி போக ரூ. 8,500 நிற்கும். ஜனவரியில் ரூ. 29,500 ஆகும்; ஆயுள் பிரிமியம் போக ரூ. 17,500. மார்ச்சில் பயணச் சீட்டு எடுத்த பின் ரூ. 26,500. மே மாதத்தில் ஊர்ச் செலவு போக ரூ. 29,500. ஜூனில் ரூ. 10,500 சேர்ந்தால் சரியாக ரூ. 40,000, பள்ளிக்கூடத்துக்கு அப்படியே எடுத்துக் கொடுக்கலாம். கடன் எங்கும் தேவைப்படவில்லை. அதே சம்பளம், அதே செலவு. தேதி மட்டும் நம் வசமாயிற்று.

இத்தொகையை வைக்கும் கணக்கு, கைப்பேசியில் பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறையோடு இணைக்கப்படாததாக இருக்கட்டும். கைக்கு எட்டும் பணம் வாய்க்கும் எட்டிவிடும். வங்கியில் தனிச் சேமிப்புக் கணக்கோ, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோ போதும்.

காப்பீட்டில் வந்துள்ள மாறுதல்கள்

அண்மை ஆண்டுகளில் காப்பீட்டு விதிகளில் மாறுதல்கள் பல வந்துள்ளன. அவற்றுள் குடும்பத்துக்கு நேரே பயன்படுவனவற்றை மட்டும் இங்கே எடுத்துக் கூறுவோம்.

முதலாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கும், தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கும், குடும்பம் முழுவதையும் ஒரே காப்புத் தொகையில் அடக்கும் பாலிசிகளுக்கும், முதியோர் பாலிசிகளுக்கும் ஜி.எஸ்.டி. வரி அடியோடு நீக்கப்பட்டது. அதற்கு முன் மருத்துவ பாலிசிகளுக்கு 18 சதவீதம் இருந்தது. ரூ. 20,000 பிரிமியத்துக்கு முன்பு ரூ. 23,600 கட்டியவர் இன்று ரூ. 20,000 கட்டினால் போதும். மிஞ்சும் ரூ. 3,600-ஐ வேறு செலவில் கரைத்துவிடாமல், காப்புத் தொகையை உயர்த்தவோ அவசரச் சேமிப்புக்கோ பயன்படுத்துவது நன்று. புதுப்பிப்பு அறிவிப்பு வரும்போது, அடிப்படை பிரிமியம் எவ்வளவு என்பதைச் சென்ற ஆண்டின் ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; வரி குறைந்த மகிழ்ச்சியில் பிரிமியம் ஏறியிருப்பதைக் காணாமல் விட்டுவிடக் கூடாது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக எடுக்கும் குழு பாலிசிகளுக்கு இவ்விலக்கு இல்லை.

இரண்டாவது, காத்திருப்புக் காலம். 2024 ஏப்ரல் முதல், முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு, மிகுந்த அளவாக நாலு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் இடைவிடாது கட்டிய பின், மோசடி என்று நிறுவப்பட்டாலொழிய, விவரத்தைச் சொல்லவில்லை என்ற காரணம் காட்டி நிறுவனம் தொகையை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு ஆண்டாக இருந்தது. இவ்விரண்டு நன்மைகளும் ‘இடைவிடாது’ என்ற ஒரு சொல்லில்தான் தொங்குகின்றன. முன்னே நாம் சொன்ன ஆகஸ்டு மாதத் தவறு எத்துணைப் பெரியது என்பது இப்போது இன்னும் தெளிவாகும்.

மூன்றாவது, ஊரில் உள்ள பெற்றோர். 65 வயதுக்கு மேல் புது மருத்துவ பாலிசி இல்லை என்ற கட்டுப்பாட்டை ஒழுங்கு ஆணையம் 2024-இல் விலக்கியது. 2025 ஜனவரி முதல், 60 வயது கடந்தவர்களின் பிரிமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த விரும்பும் நிறுவனம், ஆணையத்தை முன்னதாகக் கலந்துகொள்ள வேண்டும். அன்றியும், 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவக் காப்பு என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரித்தது. ஊருக்குப் போகும்போது பெற்றோரின் ஆதார் அட்டையோடு அங்குள்ள அரசு மருத்துவமனையில் இதனை விசாரித்து, பதிவு செய்யும் வழியை அறிந்து வருவது ஒரு நாள் வேலை. கோடைப் பயணத்தில் அந்த ஒரு நாளை ஒதுக்குவோமாக.

நாலாவது, மருத்துவமனை. கையில் பணமின்றிச் சிகிச்சை பெறும் ஏற்பாட்டில், நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் அனுமதி பற்றி முடிவு சொல்ல வேண்டும். வீடு திரும்பும் நாளில் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று 2024-இல் விதி செய்யப்பட்டது. உறவினர் அருகில் இல்லாத ஊரில், முன்பணம் கட்டுவதற்காக நள்ளிரவில் கடன் தேடி அலையும் நிலையை இது பெருமளவு தவிர்க்கும்.

இவற்றோடு ஒரு செய்தியையும் மனத்தில் இருத்த வேண்டும். “அலுவலகத்தில் காப்பீடு இருக்கிறது” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தக் காப்பு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். சம்பளம் நிற்கும் அதே நாளில் மருத்துவப் பாதுகாப்பும் நிற்பது இரட்டை இடி. சிறு தொகைக்காவது சொந்தமாக ஒரு பாலிசி இருக்க வேண்டும். வேலையை விடும்போது அந்தக் குழு பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற வழி உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற எண்ணுவோர், புதுப்பிக்கும் நாளுக்கு ஒன்றரை மாதம் முன்னரே முயற்சியைத் தொடங்குவது நலம்.

‘வட்டியில்லை’ என்ற சொல்லின் பொருள்

கடை விளம்பரங்களில் ‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. வட்டி எங்கோ ஒளிந்திருக்கிறது என்பதே பொருள்.

ஒரு குளிர்சாதனப் பெட்டியின் விலை ரூ. 30,000. ஆறு மாதம், மாதம் ரூ. 5,000, வட்டியில்லை என்கிறார்கள். “ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?” என்று கேளுங்கள். ரூ. 28,500 என்று விடை வந்தால், கடனின் அசல் ரூ. 28,500, வட்டி ரூ. 1,500. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீத வட்டி ஆகிறது. கடன் அட்டையில் இவ்வாறு தவணை கட்டினால், அந்த ரூ. 1,500 வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 270 வேறு நம் தலையில் விழும். செயற்பாட்டுக் கட்டணம் தனி. ரொக்க விலையும் தவணை விலையும் ஒன்றே, வேறு கட்டணமும் இல்லை என்றால், தாராளமாகத் தவணையில் வாங்கலாம்; அது நமக்கு ஆதாயமே.

சிறு கடன்களில் ஆபத்து வேறு விதம். ரூ. 600-க்கு மளிகை வாங்கி, பதினைந்து நாளில் கட்ட மறந்து, ரூ. 100 தாமதக் கட்டணம் விழுந்தது என்று கொள்வோம். ஆறில் ஒரு பங்கு போயிற்று. இதனை வட்டி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எந்த வட்டிக்கடைக்காரரும் பதினைந்து நாளுக்கு இவ்வளவு கேட்கமாட்டார்.

கடன் அட்டையில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று அச்சிட்டிருப்பதும் ஒரு வலையே. நிலுவை ரூ. 40,000, குறைந்தபட்சம் 5 சதவீதம், அதாவது ரூ. 2,000. மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் ரூ. 1,400, அதன் மேல் ஜி.எஸ்.டி. ரூ. 252. கட்டிய ரூ. 2,000-இல் அசலுக்குப் போவது ரூ. 348 மட்டுமே. இவ்வாறு நிலுவை நிற்கும் வரையில், புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையா. குறைந்தபட்சம் கட்டுவது அபராதத்திலிருந்து காக்கும், கடனிலிருந்து காக்காது.

கடன் கொடுப்போருக்கும் விதிகள் உண்டு

செயலிகளின் வழியே நடக்கும் ‘பிறகு கொடு’ ஏற்பாடு ஏதோ கடைக் கணக்கு என்று எண்ணுவோர் உண்டு. சட்டத்தின் கண்ணில் அது முறையான கடன். பின்னணியில் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ இருக்கிறது. ஆகவே ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்து 2025-இல் தொகுத்த விதிகள் அதற்குப் பொருந்தும். அவற்றின் சாரம் வருமாறு:

கடன் கொடுப்பவர் யார் என்ற பெயர் நமக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதைக் காட்டும் விவரத் தாள், கையெழுத்துக்கு முன்னரே தரப்பட வேண்டும். கடன் வாங்கிய பின் மனம் மாறினால், குறைந்தது ஒரு நாளாவது திரும்பத் தரும் அவகாசம் உண்டு. அசலையும் அந்நாளைய வட்டியையும் கட்டி விலகிக்கொள்ளலாம். நம் வெளிப்படையான இசைவின்றிக் கடன் வரம்பை உயர்த்தக் கூடாது. நம் கைப்பேசியில் உள்ள உறவினர் எண்கள், படங்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைச் செயலி தொடக் கூடாது. அவற்றுக்கு அனுமதி கேட்கும் செயலியை அந்தக் கணமே நீக்கிவிடுவது நல்லது. முறையான கடன் நிறுவனங்களோடு தொடர்புடைய செயலிகளின் பட்டியலை 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் இணையத்தளத்தில் வெளியிட்டு வருகிறது. பெயர் அதில் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம்.

தவணை தவறினால் விதிக்கும் அபராதத்தின் மேல் மறுபடியும் வட்டி போடக் கூடாது என்பதும் விதி. வசூல் செய்வோர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைத்து வற்புறுத்தலாகாது. முறையீடு இருந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டும். 30 நாளில் தக்க விடை வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்பதற்குரிய எண் 14448. காப்பீட்டுக் குறைகளுக்கும் இதே போல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் உண்டு. அங்கும் கட்டணம் இல்லை.

ஒவ்வொரு சிறு கடனும் நம் பெயரிலுள்ள கடன் குறிப்பில் ஏறுகிறது. 2025 தொடக்கத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒரு முறையேனும் இக்குறிப்பு புதுப்பிக்கப்படுகிறது. ஊரில் ஒரு மனை வாங்கவோ இங்கே ஒரு வீடு வாங்கவோ கடன் கேட்கப் போகும் நாளில், என்றோ மறந்துபோன ரூ. 600 நம் முன் வந்து நிற்கும். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதைப் பெற்றுப் பார்த்தால், வீட்டில் யார் பெயரில் எத்தனை நோட்டுகள் திறந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

ஏற்கெனவே சிக்கியிருப்போருக்கு

இவற்றைப் படிக்கும் வீடுகளில் சில, ஏற்கெனவே நாலைந்து தவணைகளுக்கு இடையே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு நாம் சொல்வது: முதலில், புதிய கடனால் பழைய கடனை அடைக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துக. அடுத்து, நிலுவைகளை இந்த வரிசையில் எழுதுக. வாடகையும் உணவும் முதலில். காப்பீட்டு பிரிமியம் இரண்டாவது. எல்லாக் கடன்களுக்கும் தவறாது கட்ட வேண்டிய தொகை மூன்றாவது. இவை போக மிஞ்சுவதை, வட்டி மிகுந்த ஒரே கடனில் முழுவதும் செலுத்தி அதைத் தீர்க்க வேண்டும், பிறகு அடுத்தது. பெரும்பாலும் கடன் அட்டை நிலுவையே முதலில் தீர்க்க வேண்டியதாக இருக்கும். தீர்ந்த கணக்கை மூடிவிட்டதற்கு எழுத்தில் சான்று பெறுக.

எல்லாவற்றையும் கட்ட இயலாத நிலை வந்துவிட்டால், ஒளிந்துகொள்வதில் பயனில்லை. தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவருக்கு எழுதி, தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேட்க வேண்டும். பழைய ஆயுள் பாலிசி இருந்தால் அதன் மேல் கடன் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். வீட்டில் நகை இருந்தால், விதிகளுக்கு உட்பட்ட வங்கியில் அடகு வைத்து, அட்டைக் கடனை அடைப்பது வட்டியைக் குறைக்கும். ஆனால் நகையை மீட்கும் தேதியைக் குறிக்காமல் அடகு வைப்பது, விற்பதற்குச் சமம். மேலும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே தவணை பிடிக்க அனுமதி கொடுத்திருந்தால், அந்தத் தேதிகளைச் சம்பளம் வந்த மறுநாளுக்கு மாற்றக் கேளுங்கள். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால், கடன் கொடுத்தவரும் அபராதம் போடுவார், வங்கியும் போடும்.

ஒரே நோட்டு

இத்தனையும் சொன்ன பிறகு, செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியந்தான். பழைய பற்று நோட்டை மறுபடியும் அலமாரியில் வைப்போம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதற் பக்கத்தில் பன்னிரண்டு மாதங்களின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அந்த மாதத்துக்குரிய பெருஞ்செலவைக் குறிப்போம். இரண்டாம் பக்கத்தில் காப்பீடு: பாலிசி எண், பிரிமியம், கட்ட வேண்டிய நாள், வாரிசுப் பெயர். மூன்றாம் பக்கத்தில் கடன்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி, எப்போது முடியும். கணவர், மனைவி, சம்பாதிக்கும் பிள்ளைகள் யாவருடைய கைப்பேசியிலும் உள்ள கணக்குகள் இதில் ஏற வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் எல்லோரும் கூடியிருந்து அதைப் பார்க்க வேண்டும். கணக்கு கேட்பது சந்தேகப்படுவதாகாது. குடும்பம் ஒன்று என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

பிள்ளைகளுக்கும் அந்த நோட்டைக் காட்டுவோம். தம் பள்ளிக் கட்டணம் எந்த மாதத்துப் பணத்திலிருந்து வருகிறது, பாட்டியின் மருந்துச் செலவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அறிந்த பிள்ளை, விளம்பரத்தைக் கண்டதும் பொத்தானை அழுத்தாது; முதலில் நோட்டை எடுத்துப் பார்க்கும்.

வரும் ஜூலையில் ஒதுக்கத் தொடங்குபவருக்கு, அடுத்த ஜூன் மாதம் மற்றெந்த மாதத்தையும் போன்ற ஒரு மாதமாகவே வந்து போகும்.